முகாமின் தண்ணீர் – 6: நைல் வேண்டாம்

சென்ற வாரம் கூடாரங்களோடு நிறுத்தியிருந்தோம்.

1948-ல் வீடு, வயல், ஆடுமாடு எல்லாவற்றையும் இழந்து வந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் பாலஸ்தீனர் காஸா என்ற மணல் பட்டையில் ஒதுங்கினார்கள். அதன் நீளம் சுமார் 40 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 6 கிலோமீட்டர்தான். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்தவர்கள் சுமார் 80,000 பேர். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அகதிகள் இரண்டரைப் பேர் என்று கணக்கு வரும். அமெரிக்க க்வேக்கர் சபையினர் முதலில் மாவும் போர்வையும் தந்தார்கள். 1950 மே முதல் தேதி ஐ.நா.வின் புதிய முகமை பொறுப்பேற்றது. ஜபாலியா, ஷாத்தி, நுஸைராத், புரைஜ், மகாஸி, டெய்ர் அல்-பலாஹ், கான் யூனிஸ், ரஃபா என எட்டு முகாம்கள் நிலைபெற்றன.

அந்த முகாம்களின் குழாயடியில் நின்றவர்களுக்கு உலகம் ஒரு நதியையே கொடுக்க வந்தது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். இந்த வாரம் அந்தக் கதை.

* * *

காஸாவில் ஆறு கிடையாது. வாடி காஸா என்ற ஓடை மழைக்காலத்தில் சில நாள் ஓடும். பிறகு வெறும் மணல். வடக்கே ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும். தெற்கே ரஃபா போவதற்குள் அது பாதியாகிவிடும்.

ஆனால் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருந்தது. அதிக ஆழத்தில்கூட இல்லை. கடலோரம் நெடுக நீளும் அந்த நிலத்தடி நீரை நம்பித்தான் காஸாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் இருந்தன. அதே நீரை நம்பித்தான் முகாம்களும் வந்து உட்கார்ந்தன.

முகாமில் வீட்டுக்குள் குழாய் கிடையாது. தண்ணீர் என்றால் பொதுக் குழாயடிதான். பெண்களும் சிறுமிகளும் மண்சாடியோடும் தகர டின்னோடும் வரிசையில் நின்றார்கள். காலி மண்ணெண்ணெய் டின் ஒன்றில் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். 18 கிலோ எடையைத் தலையில் வைத்து மணலில் நடக்க வேண்டும். கால் புதையும், டின் தளும்பும், பாதித் தண்ணீர் முதுகில் வழியும். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்கு மாவு பிசைய வேண்டும், சமைக்க வேண்டும், குழந்தையைக் கழுவ வேண்டும், துணி அலச வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இவர்கள் வந்த ஊர்களிலும் பெண்கள்தான் தண்ணீர் சுமந்தார்கள். அதில் மாற்றமில்லை. ஆனால் ஹமாமாவிலோ பைத் தராஸிலோ கிணறு ஊருக்குச் சொந்தம். எப்போது இறைப்பது என்பது இறைப்பவர் முடிவு. கிணற்றடியில் பெண்கள் பேசினார்கள், சிரித்தார்கள், சம்பந்தம் பார்த்தார்கள். முகாமிலோ குழாய் முகமையுடையது, நிலம் காஸாவை நிர்வகித்த எகிப்திய ராணுவ ஆளுநரின் அதிகாரத்தில் இருந்தது, தண்ணீர் திறக்கும் நேரத்தை வேறு யாரோ முடிவு செய்தார்கள். குடிநீருக்கு நிற்பதும் ரேஷன் மாவுக்கு நிற்பதும் ஒரே மாதிரி ஆகிப்போயின.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களுடைய ஊர்கள் கடல் கடந்து இல்லை. மஜ்தல், இஸ்தூத், யிப்னா, பர்பரா எல்லாமே காஸாவுக்கு வடக்கே அதே கடற்கரைச் சமவெளியில் இருந்தன. எல்லையை ஒட்டிய திம்ரா போன்ற ஊர்க்காரர்களுக்குச் சொந்த ஊர்க் கிணறு நடந்து போகும் தொலைவில். நடுவே 1949 பிப்ரவரியில் எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட போர்நிறுத்தக் கோடு. விட்டுவந்த பயிரை அறுக்கவும் வீட்டில் கிடந்த பொருளை எடுத்து வரவும் இரவில் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் பலர். சுடப்பட்டுத் திரும்பாமலே போனவர்களும் பலர்.

சொந்தக் கிணறு அங்கே தெரிய, இங்கே டின்னோடு வரிசையில் நின்ற இந்த மக்களிடம்தான் நதியைப் பற்றிப் பேச வந்தார்கள்.

* * *

முகமையின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 'பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிவாரணம் மற்றும் பணிகள் முகமை.' நிவாரணம் புரிகிறது. மாவு, போர்வை, மருந்து. 'பணிகள்' என்பது என்ன?

1949 ஆகஸ்டில் ஐ.நா. ஒரு பொருளாதார ஆய்வுக் குழுவை மேற்காசியாவுக்கு அனுப்பியது. அதன் தலைவர் கார்டன் கிளாப். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்தவர். அணை கட்டி, மின்சாரம் எடுத்து, வறிய மாவட்டங்களைத் தூக்கி நிறுத்திய ஆணையம் அது. அகதிகளைப் பார்த்துவர உலகம் தேர்ந்தெடுத்தவர் அணைகளின் மனிதர்.

அவர் அறிக்கையின் பேரில்தான் 1949 டிசம்பர் 8-ல் முகமை உருவானது. பெயரில் உள்ள 'பணிகள்' அங்கிருந்து வந்ததுதான். சாலை, தோட்டம், வாய்க்கால், பிறகு அணை. அகதிக்கு வேலை கொடு, நிலம் கொடு, தண்ணீர் கொடு, அவன் அகதியாக இருப்பதை நிறுத்திவிடுவான் என்பதே அந்தச் சிந்தனை. 1951-ல் முகமையின் இயக்குநராக வந்த ஜான் பிளாண்ட்ஃபோர்டும் அதே டென்னசி ஆணையத்தில் பொது மேலாளராக இருந்தவர்.

1952 ஜனவரி 26-ல் ஐ.நா. பொதுச்சபை 25 கோடி டாலர் திட்டம் ஒன்றை ஏற்றது. அதில் நிவாரணத்துக்கு 5 கோடி. மீதி 20 கோடி, அகதிகளை அவர்கள் இருக்கும் நாடுகளிலேயே வாழ்வில் நிலைநிறுத்துவதற்கு.

இதே பொதுச்சபைதான் 1948 டிசம்பரில், ஊர் திரும்பி அண்டை அயலாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகளைத் திரும்ப அனுமதிக்க வேண்டும் என்று 194-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. திரும்பும் உரிமைக்கு எதிராக இதைக் கருதக்கூடாது என்று புதிய தீர்மானத்திலும் ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு டாலர்கூட இல்லை. பணம் முழுவதும் மறுபக்கம் நின்றது.

* * *

அந்தப் பணத்தில் ஒரு பெரிய பகுதி இரண்டு நதிகளுக்கு ஒதுக்கப்பட்டது.

ஒன்று யார்முக். ஜோர்டானில் அணை கட்டி, ஜோர்டான் பள்ளத்தாக்கில் பாசனம் செய்து, அங்கே அகதிகளைக் குடியமர்த்துவது. இதற்கு 4 கோடி டாலர். அந்தக் கதை அமெரிக்கத் தூதர் எரிக் ஜான்ஸ்டனின் பேச்சுவார்த்தைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

இரண்டாவது நைல்.

1953-ல் முகமையும் எகிப்து அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நைல் நீரில் ஒரு சிறு பங்கை சூயஸ் கால்வாய்க்கு அடியில் குழாய் பதித்து மறுகரைக்குக் கொண்டுபோவது. சினாயின் வடமேற்கு மூலையில் பாலைநிலத்தைப் பண்படுத்துவது. காஸா முகாம்களிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே குடியேற்றுவது. முகமை இதற்கு 3 கோடி டாலரை ஒதுக்கி வைத்தது. மண் எடுத்துப் பரிசோதித்தார்கள், வாய்க்கால் போகும் பாதையை அளந்தார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் நல்ல திட்டம்தான். கூடாரத்துக்குப் பதில் வீடு, ரேஷன் அட்டைக்குப் பதில் நிலம், டின்னுக்குப் பதில் வாய்க்கால். திட்டம் போட்ட பொறியாளர்களின் எண்ணத்தில் கள்ளம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகித்தவனுக்குத் தண்ணீர் என்றே அவர்களில் பலர் நினைத்திருப்பார்கள்.

எகிப்து ஏன் ஒப்புக்கொண்டது? 1952 ஜூலையில் மன்னராட்சியைக் கவிழ்த்து வந்த இளம் அதிகாரிகளுக்குக் காஸா ஒரு தலைவலி. அங்கே நெரிசல் குறைய வேண்டும், எல்லை அமைதியாக இருக்க வேண்டும். அஸ்வானில் பெரிய அணை கட்ட வெளிநாட்டுப் பணம் வேண்டும். அமெரிக்கா இந்தத் திட்டத்தை விரும்பியது. கணக்கு சரியாக இருந்தது.

ஒரு முரணை மட்டும் முகாமில் இருந்தவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். காஸா அகதிக்கு எகிப்தியக் குடியுரிமை கிடையாது. அனுமதியில்லாமல் கெய்ரோவுக்குப் போக முடியாது. எகிப்தின் நகரங்களுக்குள் விட மறுத்த அரசு எகிப்தின் பாலைவனத்துக்கு மட்டும் கூப்பிட்டது.

* * *

முகாம்களில் அப்போது ஒரு சொல் ஓயாமல் புழங்கியது. தவ்தீன்.

'வத்தன்' என்ற சொல் தமிழ் முஸ்லிம்களின் காதுக்குப் பழக்கமானது. தாயகம், சொந்த மண். அதே வேரிலிருந்து வந்ததுதான் தவ்தீன். ஓரிடத்தை ஒருவருக்குத் தாயகமாக்கிவிடுவது, குடியமர்த்துவது என்று பொருள். மற்ற நாட்டு அகதிகள் ஏங்கிக் கேட்கும் வார்த்தை இது. பாலஸ்தீன முகாமில் இது ஒரு வசைச்சொல். இதை உன் நாடாக ஏற்றுக்கொள், பழையதை மறந்துவிடு என்று சொல்லாமல் சொல்லும் சொல்.

ஆகவே முகாமுக்கு வந்த ஒவ்வொரு நல்ல பொருளும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. கூடாரத்தைப் பிரித்துச் சுவர் எழுப்ப வந்தால், ஏன் சுவர்? நிரந்தரமாகவா? மரம் நட வந்தால், காய்க்கும்வரை நாம் இங்கேயா இருப்போம்? முகாம் நன்றாக இருந்தால் உலகம் நம்மை மறந்துவிடும் என்ற அச்சம். இதைப் பிடிவாதம் என்று எழுதிய வெளிநாட்டு அதிகாரிகள் உண்டு. ஊர்க் கிணற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருப்பவரிடம் வேறொரு தேசத்தின் தண்ணீரை நீட்டினால் அவர் என்ன நினைப்பார் என்று அந்த அதிகாரிகள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1954 முழுவதும் சினாய் பற்றிய செய்தி முகாம்களில் கசிந்தபடி இருந்தது. அதைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனவர்கள் ஆசிரியர்கள்.

அவர்களில் ஒருவர் முயின் பிசைசோ. 1926-ல் காஸாவில் பிறந்தவர். கவிஞர், கம்யூனிஸ்ட், ஆசிரியர். இன்னொருவர் ஃபத்ஹி அல்-பலாவி. அவரும் ஆசிரியர், முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்தவர். எகிப்தில் அந்த இரண்டு இயக்கங்களையும் அரசு அடக்கிக்கொண்டிருந்த காலம் அது. கொள்கையில் எதிரெதிர்த் திசை. சினாய் விஷயத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

மருந்து திணிக்கப்பட்டிருந்தது. திரி மட்டும் பற்றவில்லை.

* * *

1955 பிப்ரவரி 28. திங்கட்கிழமை. இரவு.

இஸ்ரேலின் பாராசூட் படையினர் எல்லைக் கோட்டைத் தாண்டிக் காஸா நகருக்கு அருகே வந்தார்கள். தலைமை தாங்கியவர் ஏரியல் ஷரோன் என்ற 27 வயது அதிகாரி. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரில் மீண்டும் வருவார்.

ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்த எகிப்திய ராணுவ முகாம்தான் அவர்களுடைய இலக்கு. துப்பாக்கி, கையெறிகுண்டு, வெடிமருந்து. கட்டடங்கள் தகர்க்கப்பட்டன. அப்படித் தகர்க்கப்பட்டவற்றில் ஒன்று தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை. தெற்கிலிருந்து உதவிக்கு விரைந்த லாரியை வழியில் மறித்துத் தாக்கினார்கள். அதில் வந்த படையினர் பலர் மடிந்தார்கள். விடிந்தபோது எகிப்தியத் தரப்பில் இறந்தவர்கள் 30-க்கும் மேல். இஸ்ரேலியர் 8 பேர்.

1949 போர்நிறுத்தத்துக்குப் பிறகு எகிப்துடனான எல்லையில் இவ்வளவு பெரிய தாக்குதல் நடந்ததில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை மார்ச் 29-ல் இஸ்ரேலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. எகிப்தின் தலைவர் நாசர், தன் போக்கை மாற்றியது அந்த இரவுதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஆயுதம் வாங்கும் ஒப்பந்தத்தை அவர் அறிவித்தார். வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தையே பேசும். சூயஸ் போர், பனிப்போர், ஆயுதப் போட்டி.

முகாம் அந்த இரவை வேறு விதமாகப் படித்தது.

எங்களைக் காப்பதாகச் சொல்லும் ராணுவத்தால் தன்னையே காத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் கையில் துப்பாக்கி கொடுக்க மறுக்கிறீர்கள். எல்லையிலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சினாய் மணலில் விட மட்டும் திட்டம் போடுகிறீர்கள். யாருக்கு வசதி இது?

* * *

மார்ச் முதல் தேதி காலை, பள்ளிக்கூடங்களிலிருந்து ஊர்வலம் கிளம்பியது.

மாணவர்கள் முன்னால், ஆசிரியர்கள் அவர்களோடு. தெருத்தெருவாகக் கூட்டம் பெருகியது. "தவ்தீனும் வேண்டாம், இஸ்கானும் வேண்டாம்" என்பது முழக்கம். இஸ்கான் என்றால் வீடு கட்டிக் குடிவைப்பது. வீடில்லாத மக்கள் வீடு வேண்டாம் என்று கத்திக்கொண்டு போனார்கள். இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளாமல் முகாமின் தண்ணீரைப் பற்றி எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. சினாய் திட்டத்தைக் கைவிடு. முகாம் மக்களுக்கு ஆயுதம் கொடு, பயிற்சி கொடு. பேசவும் கூடவும் உரிமை கொடு.

எகிப்தியக் காவலர்கள் சுட்டார்கள். ஊர்வலத்தில் வந்தவர்கள் இறந்தார்கள். போராட்டம் அடங்கவில்லை. காஸா நகரிலிருந்து கான் யூனிஸ், ரஃபா என்று தெற்கே பரவியது. ஐ.நா. கிடங்குகள் தாக்கப்பட்டன, தீவைக்கப்பட்டன. அந்த மாவைத் தின்றுதான் மக்கள் உயிர்வாழ்ந்தார்கள். தெரிந்துதான் எரித்தார்கள். கொடுக்கும் கையே குடியமர்த்தும் கையாகவும் இருந்ததால் வந்த கோபம் அது.

சில நாள் ராணுவ ஆளுநரின் அதிகாரம் காஸாவில் செல்லவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. போராட்டக் குழுவோடு பேசியது, சினாய் திட்டம் கைவிடப்படும் என்று வாக்குக் கொடுத்தது. கூட்டம் கலைந்தது.

வாக்குக் கொடுத்த சில நாளிலேயே கைதுகள் தொடங்கின. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது. பிசைசோவும் அல்-பலாவியும் எகிப்தியச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிசைசோ வெளியே வந்தது 1957-ல்.

* * *

திட்டம் அன்றே செத்ததா?

காகிதத்தில் இல்லை. முகமையும் எகிப்தும் சேர்ந்து நடத்திய ஆய்வின் அறிக்கை அதே 1955-ன் ஜூலையில்தான் வெளியானது. சுமார் 50,000 ஃபெதான் நிலம் சாகுபடிக்கு ஏற்றது என்றது அறிக்கை. ஒரு ஃபெதான் என்பது ஓர் ஏக்கரைவிடச் சற்றே அதிகம். பிறகு எகிப்து அரசு கைவிரித்தது. அஸ்வான் அணை கட்டி முடியும்வரை சினாய்க்குக் கொடுக்க நைலில் உபரி நீர் இல்லை என்பது அதிகாரபூர்வக் காரணம்.

பொறியியல் கணக்கில் அந்தக் காரணம் பொய் அல்ல. ஆனால் 1953-ல் ஒப்பந்தம் போட்டபோதும் அஸ்வான் அணை கட்டப்படவில்லை. அப்போது கொடுக்க முடிந்த நீர் இரண்டே ஆண்டில் எப்படி இல்லாமல் போனது? இடையில் நடந்தது மார்ச் மாதம்தான். தண்ணீரைக் காரணம் காட்டியது, தெருவுக்குத் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க ஓர் அரசு கண்டுபிடித்த மரியாதையான வழி என்பது என் முடிவு.

நைல் சூயஸைத் தாண்டவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களில் எகிப்து அல்-சலாம் கால்வாயை வெட்டி, சூயஸுக்கு அடியில் சுரங்கக் குழாய் போட்டு, நைல் நீரை வடக்கு சினாய்க்குக் கொண்டுபோனது. பாலஸ்தீனருக்காக அல்ல, தன் விவசாயத்துக்காக. 1953-ன் பொறியாளர்கள் கனவு கண்டது நடக்கக்கூடியதே என்று அது காட்டியது.

நடக்கக்கூடியது என்பதுதான் முகாமின் அச்சமாகவும் இருந்தது. 2023 அக்டோபரில், காஸா மக்களைச் சினாய்க்கு மாற்றுவதைப் பரிந்துரைத்த இஸ்ரேலிய உளவுத்துறை அமைச்சக ஆவணம் ஒன்று வெளியே கசிந்தபோது, 1955 மார்ச்சைப் பாலஸ்தீனர் மறுபடி பேசத் தொடங்கினார்கள். 68 ஆண்டு பழைய ஊர்வலம் அவர்களுக்குப் பழையதாகவே இல்லை.

* * *

அவர்கள் மறுத்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஐம்பதாயிரம் பேர் போயிருந்தால் அடுத்த ஐம்பதாயிரம் பேருக்கு அடுத்த வாய்க்கால் வந்திருக்கும். 194-ஆம் தீர்மானம் காகிதமாகக்கூட மிஞ்சியிருக்காது.

ஆனால் இந்த வெற்றியைக் கொண்டாடி எழுதும் புத்தகங்கள் ஓர் இடத்தில் எனக்கு இடறுகின்றன. மார்ச் மாதம் முடிந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், இளைஞர்கள் ஆயுதப் பயிற்சிக்குப் போனார்கள். பெண்கள் மறுபடி குழாயடிக்குப் போனார்கள்.

அதே குழாய், அதே வரிசை, அதே 18 லிட்டர் டின். நைலை மறுத்தது சமூகம் முழுவதும். ஆனால் அந்த மறுப்பை ஒவ்வொரு நாளும் தலையில் சுமந்து வீடு சேர்த்தவர்கள் பெண்களும் சிறுமிகளும்தான். பள்ளிக்குப் போக வேண்டிய நேரத்தில் வரிசையில் நின்ற சிறுமி எந்த ஊர்வலத்தின் கணக்கிலும் இல்லை. திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சமூகம் தண்ணீரில் ஒரு விலை கொடுத்தது. அதில் பெரும்பகுதி இவர்கள் கொடுத்தது.

முகமைக்கும் இதில் ஒரு பாடம் இருந்தது. நதிகளைப் பற்றிய பெரிய கனவுகளை அது மெல்ல மடித்து வைத்தது. 'பணிகள்' பெயரில் மட்டும் மிஞ்சியது. கையில் இருந்த பணமும் கவனமும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் போயின. முகாமின் தண்ணீர் என்பது இனி கிணறு, மோட்டார், குழாயடி, அவ்வளவே.

அந்தக் கிணறுகள் எல்லாம் ஒரே நிலத்தடிப் படுகையிலிருந்து இறைத்தன. மேலே மக்கள்தொகை பெருகியது. கீழே நீர் பெருகவில்லை. இறைக்க இறைக்க நன்னீர் இறங்கி, அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வரும். கடலோரக் கிணறு வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது. 1955-ல் அதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

* * *

1956 அக்டோபர் இறுதியில் சூயஸ் போர் வந்தது. இஸ்ரேலியப் படை நவம்பர் தொடக்கத்தில் காஸாவைப் பிடித்தது, 1957 மார்ச்சில் வெளியேறியது. எகிப்து திரும்பி வந்தது. அடுத்த பத்தாண்டு குழாயடியில் பெரிய மாற்றமில்லை.

1967 ஜூனில் இஸ்ரேல் மறுபடி வந்தது. இம்முறை போகவில்லை.

1971-ல் காஸாவில் எதிர்ப்பை ஒடுக்க வந்த தளபதி ஏரியல் ஷரோன். பெயரை நினைவில் வைக்கச் சொல்லியிருந்தேனே, அவரேதான். ராணுவ வாகனங்கள் நுழைய ஜபாலியா, ஷாத்தி, ரஃபா முகாம்களுக்குள் புல்டோசர்கள் அகலச் சாலை போட்டன. ஆயிரக்கணக்கான அறைகள் இடிக்கப்பட்டன. வீடிழந்த குடும்பங்களில் ஒரு பகுதியை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சினாயில் உள்ள அல்-அரிஷுக்கு.

அதன் பிறகு வந்தது மிக நயமான ஓர் அழைப்பு. ஷாத்தி முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஷேக் ரத்வான் என்ற புதிய குடியிருப்பு. மனை தருகிறோம், வீடு கட்டிக்கொள், மின்சாரம் வரும். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் வரும். இருபத்தைந்து ஆண்டு டின் சுமந்த பெண்ணின் சமையலறையில் திருகினால் தண்ணீர்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. முகாமில் இருக்கும் உங்கள் அறையை நீங்களே இடித்துவிட்டு வர வேண்டும்.

முகாம் அறை என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, அது அகதி என்பதற்கான அடையாளம் என்று அந்த மக்கள் நம்பினார்கள். நைல் வேண்டாம் என்று 1955-ல் தெருவில் இறங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் குழாயடியில் நிற்கிறார்கள். முன்பு கேட்டது ஐ.நா.வும் எகிப்தும். இப்போது கேட்பது ஆக்கிரமித்த ராணுவம். முன்பு கொடுக்க வந்தது எங்கோ இருந்த ஒரு நதி. இப்போது கொடுப்பது வீட்டுக்குள் வரும் ஒரு குழாய்.

சுத்தியலைக் கையில் எடுத்தவர்கள் யார்? எடுக்க மறுத்தவர்கள் யார்? அந்த முடிவை வீட்டில் எடுத்தது ஆணா, தண்ணீர் சுமந்த பெண்ணா?

அடுத்த வாரம் ஷேக் ரத்வானுக்குப் போவோம்.